சாவிக்கொத்து தலகாணிக்கு அடியில, அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல

கேள்வி: அக்கா, பையனுக்கு 16 வயசு, ஜூனியர் காலேஜ்ல பதினொண்ணாவது. போன மாசம் விடிய விடிய படிச்சுட்டு காலையில பல் தேய்ச்சுட்டு இருந்தவன் அப்படியே விழுந்து கைகால் இழுத்துக்கிச்சு. மூளை அலையைப் பதியற இ.இ.ஜி டெஸ்ட் பாத்துட்டு எபிலெப்சி, அதான் வலிப்பு நோய்னு சொல்லி லெவெடிராசெட்டம் மாத்திரை குடுத்திருக்காங்க. ராத்திரி பக்கத்துலயே படுத்து மூச்சு வருதான்னு பாத்துட்டே இருக்கேன். அவனோ எரிஞ்சு விழறான், கதவை டமால்னு சாத்தறான். மாமியார் தலகாணிக்கு அடியில சாவிக்கொத்து வெச்சிருக்காங்க. நாளைக்கு கல்யாணம்னு வந்தா என்ன ஆகும், யார்கிட்டயும் மூச்சு விடாதேங்கறார் வீட்டுக்காரர்.
— பேர் வேணாம், செம்பூர், மும்பை

பதில்: முதல்ல அந்தக் கோவத்தைப் பேசிடுவோம்மா. வயசுக் கோவமாவும் இருக்கலாம், ஆனா இந்த மாத்திரையே சில பேருக்கு எரிச்சலைக் கிளப்பும், அதனால திமிருன்னு முடிவு கட்டாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க, திடீர்னு விட்டா ஃபிட்ஸ் திரும்பிடும்.

இன்னொண்ணு, காலையில எந்திரிச்சதும் கை திடீர்னு வெட்டி இழுத்து பிரஷ்ஷோ டம்ளரோ தெறிச்சு விழுந்திருக்கா? நாம "கையில என்ன வெண்ணெயா"ன்னு திட்டிட்டு போயிடுவோம். ஆனா இந்த வயசுல, தூக்கம் கெட்ட மறுநாள் காலையில வர்ற ஒரு வகை வலிப்புக்கு அதுதான் அடையாளம், கார்பமசெபின் மாதிரி சில வலிப்பு மாத்திரைங்க அந்த வெட்டலை அதிகமாக்கிடும், அதனால டாக்டருக்கு இது தெரியணும். எப்படியும் ராத்திரி முழிச்சுப் படிக்கறது இனிமே கூடாது.

மாமியார்கிட்ட சண்டை வேணாம். வலிப்பு பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானாவே நின்னுடும், அந்த நேரத்துல யார் இரும்பு குடுத்தாங்களோ பேர் அவங்களுக்கு! ஒருக்களிச்சு படுக்க வைங்க, தலைக்கு மெத்துனு ஏதாவது, வாயில எதையும் திணிக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, மணியைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினாலோ, தெளியறதுக்குள்ள இன்னொண்ணு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

நீங்க உங்க கட்டிலுக்கே போயிடுங்கம்மா. நீங்க முழிச்சிருக்கறதை விட வேளை தவறாத மாத்திரை பெரிய காவல், அதோட 16 வயசுப் பையன் மூக்குல அம்மா விரல் வெச்சுப் பாத்தா அவன் கதவை சாத்தத்தான் செய்வான். பாத்ரூம்ல தாழ்ப்பாள் போடக்கூடாது, லோக்கல் டிரெயின் வாசல்ல தொங்கக்கூடாது, பிளாட்ஃபாரம் ஓரம் நிக்கக்கூடாது, தனியா நீச்சல் கூடாது, இதுல மட்டும் கறாரா இருங்க. ஃபுட்பால், சினிமா எல்லாம் போகட்டும்.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, வலிப்பு இருந்தா கல்யாணம் பண்ணக்கூடாதுங்கற வரியை இந்து திருமணச் சட்டத்துலேர்ந்து 1999லயே எடுத்தாச்சு. ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம், கிளாஸ் டீச்சருக்கும் கூட டிரெயின்ல வர்ற ரெண்டு ஃப்ரெண்ட்ஸுக்கும் தெரிஞ்சா போதும், யார் அந்த ரெண்டு பேர்னு அவனே சொல்லட்டும். ஏன்னா ஸ்டேஷன்ல விழுந்தா செருப்பைக் கழட்டி மூக்குல வைக்க பத்து பேர் ஓடி வருவாங்க, அவங்களை விலக்கி விட்டுட்டு இவனை ஒருக்களிச்சுப் போட ஒருத்தனாவது கூட இருக்கணும்ல.