நீலியும் நான்காவது அச்சமும்

மதிப்பிற்குரிய ஐயா,

வேளச்சேரியில் மூன்று தோழிகளுடன் வாடகை வீட்டில் தங்கியிருக்கிறேன். தரமணியில் வேலை. சனிக்கிழமை இரவுகளில் நால்வரும் சேர்ந்து பேய்ப்படம் பார்ப்பது எங்கள் வழக்கம். ‘உலகின் மிகப் பயங்கரமான படங்கள்’ என்று ஒரு பட்டியல் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். முதலிடத்தில் இருந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ எங்களில் யாரையும் பயமுறுத்தவில்லை. பேய் பிடித்த அந்தச் சிறுமியின் தலை பின்பக்கமாகத் திரும்பும் காட்சியில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் பட்டியலிலேயே இல்லாத ‘யாவரும் நலம்’ படத்தைத் தற்செயலாகப் பார்த்த பிறகு, பல நாட்கள் எங்கள் குடியிருப்பு லிஃப்டில் தனியாக ஏற என்னால் முடியவில்லை. தோழிகள் இன்னும் கேலி செய்கிறார்கள்.

இனி மிச்சம் இருப்பவை ‘சலோ’, ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ போன்றவை. இவற்றைக் கண்ணை மூடாமல் பார்த்து முடிப்பவர்தான் உண்மையான ரசிகர் என்கிறாள் ஒரு தோழி. எனக்கு மனம் வரவில்லை. உலகமே பயந்த படம் எங்களுக்கு ஏன் சிரிப்பு மூட்டியது? லிஃப்டுக்குப் பயந்தது சிறுபிள்ளைத்தனமா? உங்களை மிகவும் அச்சுறுத்திய படம் எது?

க., வேளச்சேரி

அன்புள்ள க.,

லிஃப்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பயத்தில் சிறுபிள்ளைத்தனம் எதுவும் இல்லை. விக்ரம் குமார் 2009இல் எடுத்த அந்தப் படத்தில் லிஃப்ட் யாரையும் நசுக்குவதில்லை, கீழே தள்ளுவதில்லை. மாதவன் தனியாக ஏறினால் நகராது, அவ்வளவுதான். இன்னொருவர் உடன் ஏறினால் ஒழுங்காக மேலே போகும். எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும் ஒரு கட்டடம் இவனை மட்டும் விலக்கி வைக்கிறது. பிறகு கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சியில் மதியம் ஒரு மணித் தொடர் தொடங்குகிறது. அதில் வருவது இவர்களுடைய குடும்பத்தின் கதை.

அதுவரை நம் படங்களில் பேய் எங்கே குடியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஊருக்கு வெளியே ஜமீன் பங்களா, பாழடைந்த அரண்மனை, சுடுகாடு, புளியமரம். அங்கே போகாமல் இருந்தால் போதும், தப்பிவிடலாம். 13ஆவது மாடியில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த குடும்பம் எங்கே தப்பிப் போகும்? எங்கே பயந்தாலும் கடைசியில் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்ளும் இடம் வீடு. அந்த வீடே பயத்தின் ஊற்றாகிவிட்டால் ஓடுவதற்கு இடம் மிச்சமில்லை. வேளச்சேரியில், பெரும்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் அடுக்குமாடிகளில் தனியாக வாழ்கிறவர்களுக்கு அந்தப் படம் உறைப்பதில் வியப்பே இல்லை.

அச்சத்தின் காரணங்களை நம் மொழியில் மிகப் பழைய காலத்திலேயே வகுத்துவிட்டார்கள். உணர்வுகள் உடலில் வெளிப்படுவதை, அதாவது மெய்ப்பாடுகளை, வகுக்கும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சொல்கிறது:

அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப்
பிணங்கல் சாலா அச்சம் நான்கே.

பேயும் தெய்வமும், கொடிய விலங்குகள், திருடர்கள், நான்காவதாக இறை. இறை என்றால் அரசன். நம்மை ஆள்பவர், காக்க வேண்டியவர், நம் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவர் எல்லோரையும் அதில் சேர்த்தே நான் வாசிக்கிறேன். பேயையும் புலியையும் வைத்த அதே வரிசையில் அரசனையும் வைக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்தத் துணிவை எண்ணி இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மனத்தை விட்டு அகலாத பயங்கரப் படங்களை எல்லாம் கூர்ந்து பார்த்தால், முதல் மூன்று அச்சங்களில் ஏதோ ஒன்று வாசலில் நிற்கும். வீட்டுக்குள்ளே இருப்பது நான்காவது. ‘ஜாஸ்’ (1975) சுறாவைப் பற்றிய படம் என்கிறார்கள். சுறா இருப்பது தெரிந்தும் கோடைக்கால வியாபாரம் கெட்டுவிடும் என்று கடற்கரையை மூட மறுக்கிறாரே ஒரு மேயர், அவரல்லவா சுறாவுக்குப் பலியான குழந்தையைக் கடலுக்குள் அனுப்பினார்? ‘தி ஷைனிங்’ (1980) படத்தின் ஓட்டல் நிறையப் பேய்கள் உலவுகின்றன. அவற்றில் எதுவும் என் நினைவில் தங்கவில்லை. குளியலறைக் கதவைக் கோடரியால் பிளப்பவர் அங்கே தங்கியிருக்கும் சிறுவனின் தந்தை என்பதுதான் தங்கியிருக்கிறது.

இப்போது ‘தி எக்ஸார்சிஸ்ட்’. நீங்கள் சிரித்ததற்குக் காரணம் எளியது. தலை திரும்புவதையும் பச்சை வாந்தியையும் அரை நூற்றாண்டாக நகைச்சுவைப் படங்கள் கேலி செய்து தேய்த்துவிட்டன. 1973இல் அதை முதன்முதலாகப் பார்த்தவருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்க வழியில்லை. நால்வர் ஒரு கணினித் திரை முன்னால் அமர்ந்து, நடுவில் நிறுத்தி, தேநீர் போட்டுக் குடித்தபடி பார்ப்பதும் ஒரு காரணம். ‘சைக்கோ’ (1960) வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் கண்டிப்பாக இருந்தார். (நம் அண்ணாசாலை சஃபையர் வளாகத்தின் புளூ டயமண்ட் அரங்கில் இதற்கு நேர் எதிரான வழக்கம் இருந்தது. தொடர்காட்சி. எப்போது வேண்டுமானாலும் உள்ளே நுழைய முடிந்தது. கொலையாளி யார் என்பதை முதலில் பார்த்துவிட்டுக் கொலையைப் பிறகு பார்த்தவர்கள் அந்தக் காலத்துச் சென்னையில் ஏராளம்.)

ஆனாலும் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் தேயாத காட்சி ஒன்று இருக்கிறது. பேயோட்டும் பாதிரியார் வீட்டுப் படியேறுவதற்கு வெகு முன்பே வருவது. சிறுமிக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று மருத்துவமனையில் படுக்க வைத்து, கழுத்தில் ஊசி செலுத்திப் படம் எடுக்கிறார்கள். இரத்தம் பீறிடுகிறது. இயந்திரம் சுவரை இடிப்பதுபோல் அறைகிறது. குழந்தை அசையக்கூடாது என்று கட்டி வைத்திருக்கிறார்கள். இயக்குநர் ஃப்ரீட்கின் அங்கே உண்மையான மருத்துவப் பணியாளர்களையே நடிக்க வைத்தார். அவர்கள் கைகளில் பதற்றமே இல்லை, அன்றாட வேலையின் நிதானம் இருக்கிறது. படத்திலேயே தாங்க முடியாத இடம் இதுதான் என்று சொல்லும் பார்வையாளர்கள் மிகப் பலர். நானும் அவர்களில் ஒருவன். மருத்துவர்கள் கெட்டவர்கள் இல்லை. தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில், பேயோட்டிப் பார்க்கலாமே என்று அவர்களே தாயிடம் சொல்கிறார்கள். அந்தத் தாயின் முகத்தை அடுத்த முறை கவனியுங்கள். தன் குழந்தையைக் காப்பாற்ற வல்லவர் என்று அவள் நம்பிய கடைசி மனிதர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

இதே அச்சத்தை உச்சத்தில் வைத்த கதை ஒன்று நம் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழையனூர் நீலி கதை. அதற்குப் பல வடிவங்கள் உண்டு. என் பாட்டி சொன்ன வடிவத்தைச் சொல்கிறேன்.

முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் நீலி. பேயாகி, மறுபிறவியில் வணிகனாய்ப் பிறந்திருக்கும் அவனைக் காட்டுவழியில் தொடர்கிறாள். அவன் பழையனூருக்குள் ஓடுகிறான். அவள் ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வேளாளர் எழுபது பேர் கூடியிருந்த ஊரவையில் வந்து நின்று அழுகிறாள். “இவர் என் கணவர். என்னையும் பிள்ளையையும் தவிக்கவிட்டு ஓடுகிறார்.” வணிகன் கதறுகிறான்: “இவள் பெண்ணே இல்லை, பேய்.” குழந்தையைக் கீழே இறக்கி விடுகிறார்கள். அது அப்பா என்று அவனிடம் போகிறது. அவை தீர்ப்புச் சொல்கிறது: இருவரும் இன்றிரவு ஒரே வீட்டில் தங்குங்கள், உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர்விடுகிறோம். தற்காப்புக்காக அவன் வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொள்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது.

விடிந்ததும் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இந்தக் கதையின் சாயல் இருக்கிறது. “வஞ்சப்படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்” என்று பாடுகிறார்.

சொன்ன சொல்லுக்காக உயிர்விட்ட அந்த எழுபது பேரைத்தான் கதை போற்றுகிறது. நானும் போற்றுகிறேன். ஆனால் கதை கேட்ட வயதிலிருந்து என் தூக்கத்தைக் கெடுத்தவன் அந்த வணிகன். பழைய பாவம் அவனுடையதாகவே இருக்கட்டும். அந்த அவையில் உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான். எழுபது நல்லவர்கள் அதைக் கேட்டுவிட்டு, நல்லெண்ணத்தோடு, அவன் கையிலிருந்த ஒரே ஆயுதத்தையும் பிடுங்கிப் பேயோடு அறைக்குள் அடைத்தார்கள். கதவு சாத்தும் ஓசையை அவன் உள்ளிருந்து கேட்டிருப்பான். இதைவிடக் கொடிய காட்சியை எந்த நாட்டுப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

தமிழ்ப் பேய்ப்படம் நீலியின் கோபத்தை எடுத்துக்கொண்டு வணிகனின் தனிமையை விட்டுவிட்டது என்பது என் நீண்டநாள் மனக்குறை. ‘காஞ்சனா’ (2011) முதல் நமக்குப் பழகிய சூத்திரம் தெரிந்ததுதான். இடைவேளை வரை பேய் மிரட்டும். பிறகு அதன் முன்கதை வரும். நிலத்துக்காகவோ மானத்துக்காகவோ அநியாயமாகக் கொல்லப்பட்ட ஆள் என்று தெரியும். அதன்பின் அரங்கம் பேயின் பக்கம் சேர்ந்து விசிலடிக்கும். அநியாயமாக இறந்தவரைத் தெய்வமாக்கிக் கும்பிடும் நம் நாட்டார் மரபிலிருந்து வருவது அது. அதில் ஓர் அறமும் இருக்கிறது. ஆனால் நியாயம் கேட்கும் பேயிடம் பயப்பட ஒன்றும் இல்லை. குற்றமற்றவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ‘யாவரும் நலம்’ உங்களை வீட்டுக்குப் போகவிடவில்லை.

என்னை மிகவும் அச்சுறுத்திய படம் எது என்று கேட்டீர்கள். தயக்கமே இல்லாமல் சொல்வேன்: வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015). பேய்ப்படப் பட்டியல் எதிலும் அதை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்ட பாட்டை எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து உருவான படம். குண்டூரில் பூங்காவில் படுத்துறங்கிப் பிழைக்கும் தமிழ்த் தொழிலாளிகளைப் பிடித்துப்போய், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். ஏன் அடிக்கிறார்கள் என்பதே முதலில் அவர்களுக்குப் புரியவில்லை, மொழியும் புரியவில்லை. ஆனால் என்னை உலுக்கியது அந்த அடி இல்லை. நீதிமன்றத்தில் ஒரு தமிழ்நாட்டுக் காவல் அதிகாரி அவர்களுக்காகப் பேசுகிறார். விடுதலை கிடைக்கிறது. நானும் மூச்சுவிட்டேன். நன்றியுணர்வோடு அந்த அதிகாரியின் நிலையத்தைச் சுத்தம் செய்துகொடுக்கத் தங்குகிறார்கள். அங்கே கேட்கக்கூடாத பேச்சு காதில் விழுகிறது. காப்பாற்றியவரின் கூரைக்குக் கீழேதான் அவர்கள் முடிவு தீர்மானமாகிறது. பழையனூர் அவையில் வணிகன் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள்.

இதற்கு அடுத்தபடியாக ஒன்று சொல்லலாம் என்றால் ‘த்ரெட்ஸ்’. பிபிசி 1984இல் எடுத்த தொலைக்காட்சிப் படம். ஷெஃபீல்டு நகரத்தின் மீது அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் செய்தி வாசிக்கும் குரலில் சொல்லிக்கொண்டே போகிறது. நகரத்தைக் காக்க நியமித்த அவசரக்குழு நகரமன்றத்தின் நிலவறையில் இடிபாடுகளுக்குக் கீழே சிக்கிக்கொண்டு, தொலைபேசியில் உத்தரவுகள் போட்டபடியே மெல்லச் செத்துப்போகிறது. மேலே இருக்கும் மக்களுக்கு அது தெரியவும் தெரியாது.

உங்கள் தோழி வைத்திருக்கும் பரீட்சைக்கு வருகிறேன். அருவருப்பைத் தாங்கிக்கொள்வதும் அச்சத்தை உணர்வதும் வேறு வேறு. தொல்காப்பியமும் அவற்றைத் தனித்தனி மெய்ப்பாடுகளாகவே வைத்திருக்கிறது. ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) படத்தில் நடிகர்களை உண்மையிலேயே கொன்றுவிட்டதாகச் சந்தேகம் எழுந்து, அவர்கள் உயிரோடு இருப்பதை இயக்குநர் இத்தாலிய நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மனிதர்கள் பிழைத்தார்கள். விலங்குகளை உண்மையாகவே கேமரா முன்னால் கொன்றிருக்கிறார்கள். ஓர் ஆமையை அறுத்துக் காட்டுவதற்குக் கலை எதுவும் வேண்டாம், கத்தி போதும். அந்தப் படத்தைப் பார்க்காதீர்கள் என்றே சொல்வேன்.

‘சலோ’ அப்படிப்பட்டதன்று. இத்தாலிய இயக்குநர் பசோலினி எடுத்த கடைசிப் படம். அது திரைக்கு வருமுன், 1975 நவம்பர் 2 அன்று அவர் கொலையுண்டார். பாசிச ஆட்சியின் இறுதி நாட்களில் இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஒரு மாளிகையில் அடைத்துச் சிதைக்கும் நால்வரைப் பற்றியது. ஒருவர் பிரபு, ஒருவர் பிஷப், ஒருவர் நீதிபதி, ஒருவர் தலைவர். நான்காவது அச்சத்தை இவ்வளவு வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் காட்டிய படம் வேறில்லை. அதற்கான மரியாதை எனக்கு உண்டு. ஆனாலும் அதைச் சனிக்கிழமை இரவில் பந்தயமாகப் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பிள்ளைகளின் துன்பத்தை யார் அதிக நேரம் சலிக்காமல் பார்க்கிறார் என்று போட்டி வைத்தால், நாம் உட்கார்ந்திருப்பது அந்த நால்வரின் பக்கத்து நாற்காலியில். உங்களுக்கு மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பாதியில் எழுந்து போவதற்கும் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. தோழியிடம் இந்தப் பதிலையே காட்டலாம்.

‘விசாரணை’யை நால்வருமாகச் சேர்ந்து, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். பார்த்த பிறகு ‘லாக்கப்’ நாவலைப் படியுங்கள். நீலியின் ஊரைப் பார்க்க விரும்பினால் அரக்கோணம் மின்ரயிலில் திருவாலங்காட்டில் இறங்க வேண்டும், பழையனூர் அருகில்தான். திருவாலங்காட்டுக் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். பேயுருவை விரும்பிக் கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையார், சுடுகாட்டுப் பேய்களை ஒன்றுவிடாமல் வருணித்து, அவற்றின் நடுவே ஆடும் இறைவனை மகிழ்ந்து பாடிய தலம் அது. போகும்முன் அவருடைய மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் ஒன்றையாவது ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள், பதினொரு பாடல்கள்தான்.