இரண்டாவது வீடு எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கலாம்?

கேள்வி: எனக்கு 52 வயது. ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம். குடியிருக்கும் வீட்டின் கடன் முடிந்துவிட்டது. வார இறுதிகளில் போய் வரவும், பின்னாளில் அங்கேயே தங்கிவிடவும் இன்னொரு வீடு பார்க்கிறோம். நாங்கள் இருவர், 17, 14 வயதில் இரண்டு பிள்ளைகள். ஆகவே மூன்று படுக்கையறை வேண்டும். ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. ஐந்து மணி நேரத் தொலைவில், மலைப்பக்கம், அதே அளவு வீடு 60 சதவீத விலைக்கே கிடைக்கிறது. என் மனசு மலை வீட்டில்தான். 'போய்ச் சேர்வதற்குள் விடுமுறையே முடிந்துவிடும்' என்கிறார் மனைவி. எவ்வளவு தூரம் வரை போகலாம்?

பதில்: உங்கள் மனைவி நேரத்தைப் பற்றிச் சொன்னார். பணத்தை வைத்துப் பார்த்தாலும் அவர் பக்கம்தான் கணக்கு சாய்கிறது.

முதலில் கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். வீட்டை விற்பவர் சொல்லும் பயண நேரத்தையும் சேர்த்து மறந்துவிடுங்கள். அவர் சொல்வது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காலிச் சாலையில் வந்த நேரமாக இருக்கும். நீங்கள் கிளம்பப் போவதோ வெள்ளிக்கிழமை மாலை, ஊரே கிளம்பும்போது. இந்தக் கதவைப் பூட்டியதிலிருந்து அந்தக் கதவைத் திறக்கும் வரை ஆகிற நேரம்தான் உங்கள் தூரம். ஊர்கள் எவ்வளவு பெரிதானாலும், வண்டிகள் எவ்வளவு வேகமானாலும், மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்கு ஒதுக்குவது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். அவர் பேசியது அன்றாடப் பயணத்தைப் பற்றி. வார இறுதிக்கு நாம் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்குவோம். ஆனால் அந்தத் தாராளத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். அருகில் உள்ள வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மலை வீடு 60. வீட்டில் போடும் பணத்தை வேறு எதிலாவது போட்டால் வருடத்துக்கு 6 சதவீதம் கிடைக்கும் என்று வையுங்கள். பராமரிப்பு, வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 2. ஆக, அருகிலுள்ள வீட்டுக்கு வருடச் செலவு 6 + 2 = 8.

மலை வீட்டுக்கு முதலீட்டு இழப்பு 3.6 மட்டுமே. ஆனால் பராமரிப்பு குறையாது. வீடு மலிவு என்பதற்காகக் கூரை வேலைக்கு வருகிறவர் கூலியைக் குறைத்துக்கொள்ள மாட்டார். வீட்டின் அளவும் ஒன்றுதானே. அதனால் அங்கேயும் 2. தவிர, மாதத்தில் சில நாள் போய்த் திறந்து பார்க்கிற ஆளுக்கு 1. மொத்தம் 6.6.

இப்போது இரவுகளை எண்ணுங்கள். ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் இருமுறை போவீர்கள்: வருடத்துக்கு 24 பயணம், 48 இரவு. ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனாலே பெரிது. அது 12 இரவு. நீண்ட விடுமுறை ஒன்றில் இன்னொரு 12 இரவு. மொத்தம் 24. வகுத்துப் பாருங்கள்: அருகிலுள்ள வீட்டில் ஓர் இரவுக்கு 0.17, மலை வீட்டில் 0.28. விலையில் 40 சதவீதம் மலிவான வீடு, தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் செலவு வைக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். அருகிலுள்ள வீட்டுக்கு 24 பயணம், போக வர மூன்று மணி நேரம்: வருடத்தில் 72 மணி நேரம் சாலையில். மலை வீட்டுக்கு 7 பயணம், பத்துப் பத்து மணி நேரம்: 70. காரில் உட்காருவது கிட்டத்தட்ட ஒன்றுதான். கிடைக்கும் இரவுகள் பாதி. என் எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டாம். நீங்களும் மனைவியும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல், வருடத்தில் எத்தனை இரவு போவோம் என்று எழுதுங்கள். இரண்டில் சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுக்குள் வராத தொல்லைகளும் உண்டு. நானே ஒரு காலத்தில் நாலு மணி நேரத் தொலைவில் வீடு வைத்திருந்தவன். முதல் வருடம் மாதம் தவறாமல் போனோம். மூன்றாம் வருடம் நாலே முறை. அந்த வருடம்தான் மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, மூன்று வாரம் கழித்துத் தெரியவந்தது. குழாயைச் சரிசெய்ய ஆன செலவு ஒன்றுமில்லை. சுவரையும் தரையையும் சரிசெய்யத்தான் கை கடித்தது. ஒன்றரை மணி நேரத்தில் என்றால் தகவல் வந்த அன்று மாலையே போய்ப் பார்த்திருக்கலாம். காப்பீட்டுப் பத்திரத்தையும் வாங்கும்முன் படித்துவிடுங்கள். வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ காலியாக இருந்தால் சில இழப்புகளுக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிற வீட்டை நேராகக் குறிவைப்பது அது.

அதற்காகப் பக்கத்துத் தெருவிலும் வாங்க வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்குள் இருந்தால் இரவு தங்காமல் திரும்பிவிடுவீர்கள். அப்புறம் அது வீடில்லை, கிடங்கு. அதோடு, இரண்டு சொத்தும் ஒரே ஊரின் வேலைவாய்ப்பை நம்பியிருந்தால், அந்த ஊர் சரிந்தால் இரண்டும் சேர்ந்தே சரியும்.

ஓய்வுக்குப் பிறகு கதை மாறும். வேலையிடமே இல்லாதபோது வேலையிடத்திலிருந்து தூரத்தை அளப்பதில் பொருளில்லை. அப்போது அளக்க வேண்டியது அந்த வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கொடுக்கும்முன் மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த வசதி உள்ள மருத்துவமனை அந்த மலையிலிருந்து எத்தனை நிமிடம்? எழுபத்தைந்து வயதில் வண்டி ஓட்டப் போவது யார்?

'அதற்குள் விலை ஏறிவிடுமே' என்பீர்கள். ஏறலாம். ஆனால் இந்த எட்டு வருடமும் பராமரிப்புக்கும் ஆளுக்கும் மட்டுமே வருடத்துக்கு 3 வீதம் 24 போயிருக்கும். வாங்கிய விலையில் அது 40 சதவீதம். விலையேற்றம் அதையும் ஈடுகட்டி, முதலீட்டில் கிடைத்திருக்கும் 6 சதவீதத்தையும் தாண்ட வேண்டும். நான் அந்தப் பந்தயத்தில் இறங்க மாட்டேன்.

ஆகவே என் பதில்: இப்போது வார இறுதிக்கு என்று வாங்கினால் இரண்டு மணி நேரம், மிஞ்சிப் போனால் இரண்டரை. மலையாசையைக் கைவிடச் சொல்லவில்லை. அங்கே ஆறு மாதம் வீட்டை வாடகைக்கு எடுங்கள், அதுவும் வானிலை மோசமான ஆறு மாதம். ஒவ்வொரு முறையும் வெள்ளி மாலையே கிளம்புங்கள். நாலாவது முறை கிளம்பும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று மனைவி சொல்வார். அப்படியும் ஆசை தீரவில்லை என்றால், ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பு வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக அந்த மூன்று படுக்கையறை. பெரியவருக்கு 17 வயது. அடுத்த வருடம் படிப்புக்கு எங்கே போவார் என்று தெரியாது. சின்னவருக்கும் இன்னும் இரண்டு வருடத்தில் வார இறுதி என்றால் நண்பர்கள்தான். பெரும்பாலான இரவுகளில் அந்த வீட்டில் இருக்கப் போவது நீங்கள் இருவர்தான். ஒன்றரை மணி நேரத் தொலைவிலேயே இரண்டு படுக்கையறை வீடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மலை வீட்டில் மிச்சமாகும் என்று நினைத்த 40-இல் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.