மருத்துவர் பதில்: ஓவன் இல்லாத ஹாலோவீன் குக்கீஸ், குழந்தைகளுக்கு ஆகுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஐந்து வயதில் மகன், ஒன்றரை வயதில் மகள். ஹாலோவீனுக்கு மகனின் நண்பர்கள் நான்கு பேர் வருகிறார்கள். எல்லோரையும் உட்கார வைத்து, ஓவன் இல்லாமல் பேய் வடிவக் குக்கீஸ் செய்ய ஆசை. நான் பார்த்த வீடியோவில் மைதா, வெண்ணெய், சர்க்கரையைப் பிசைந்து உருட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து அப்படியே சாப்பிடுகிறார்கள். பச்சை மைதா ஆகுமா? மைக்ரோவேவில் சூடாக்கினால் போதுமா? வரும் பையன்களில் ஒருவனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. கறுப்புக் கலர் சேர்க்கவும் பயமாக இருக்கிறது. சின்னவளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: செய்யுங்கள், ஆனால் அந்த வீடியோவில் உள்ளபடி வேண்டாம். பச்சை மைதாவைக் குழந்தைகள் சாப்பிடக் கூடாது.

பச்சை முட்டை என்றால் நமக்கு உடனே உறுத்துகிறது, மாவு என்றால் உறுத்துவதில்லை. கோதுமை வயலில் விளைவது. ஆடு மாடு, பறவைகளின் எச்சம் அதில் படலாம். அரைப்பதாலும் சலிப்பதாலும் கிருமி சாகாது. 2016ல் அமெரிக்காவில் மாவில் இருந்த ஈ.கோலை கிருமியால் 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். இந்த வகை ஈ.கோலை ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். சில குழந்தைகளுக்குச் சிறுநீரகமே செயலிழக்கும், அதிலும் ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அபாயம் கூடுதல். ஒரு உருண்டைக்காக இதை ஏன் வரவழைக்க வேண்டும்?

மைக்ரோவேவும் உதவாது. காய்ந்த மாவில் கிருமி சூட்டை நன்றாகவே தாங்கும். ஒரு மூலை கருகும்போது இன்னொரு மூலை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வீட்டில் மாவைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்ல முயல வேண்டாம் என்றுதான் அமெரிக்க உணவு, மருந்துத் துறையான எஃப்.டி.ஏ.வும் சொல்கிறது. ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்லாது. பெட்டியில் வரும் கேக் மிக்ஸும் பச்சை மாவுதான்.

ஓவன் இல்லை என்றால், போடும் ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே சாப்பிடத் தயாரானதாக இருக்க வேண்டும். நம் மாலாடும் அப்படித்தான், பொட்டுக்கடலை வறுத்தே வருகிறது. உங்களுக்கு மாரி பிஸ்கட்டோ கிரஹாம் கிராக்கரோ போதும். ஜிப் பையில் போட்டு, சப்பாத்திக் கட்டையை ஆளுக்கு ஒரு முறை கொடுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். 2 கப் தூளுக்கு அரை கப் கிரீம் சீஸ் சேர்த்துப் பிசைந்து, பேய் மாதிரி பிடித்து, உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் முக்கி எடுங்கள். கிரீம் சீஸ் இருப்பதால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

சாக்லேட்டை உருக்குவது உங்கள் வேலை. சர்க்கரை, பால், வெண்ணெயைக் கொதிக்கவிட்டு ஓட்ஸ் கொட்டிச் செய்யும் குக்கீஸும் உண்டு. அதைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், டூத்பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

அலர்ஜி உள்ள பையனின் அம்மாவிடம் முன்கூட்டியே பேசுங்கள். வாங்கிய பாக்கெட்டுகளையெல்லாம் படம் எடுத்து அனுப்புங்கள், அவர் சரி என்ற பிறகு பிரியுங்கள். 'வேர்க்கடலை கலந்திருக்கலாம்' என்ற வரியைப் போட்டாக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. அதனால் அந்த வரி இல்லாததை மட்டும் நம்ப முடியாது. அன்று பீனட் பட்டர் பாட்டிலை மேலே ஏற்றிவிடுங்கள். ஒருவனுக்கு மட்டும் தனித் தட்டு என்று பிரிக்காமல், எல்லோருக்கும் கடலை இல்லாமலே செய்துவிடுங்கள். ஐந்து வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அவனுடைய எபிநெஃப்ரின் ஊசி எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் யோசிக்காமல் ஊசியைப் போட்டு, அவசர எண் 911ஐ அழையுங்கள்.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் விற்கும் உணவுக் கலர் சில சொட்டுகளால் ஒன்றும் ஆகாது. ஒரு நவம்பர் முதல் வாரத்தில், டயப்பரையே பையில் கட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார் ஒரு அப்பா. உள்ளே பளிச்சென்ற பச்சை. முந்தின நாள் குழந்தை தின்றது கறுப்பு ஐசிங். ஓரிரு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் கறுப்புக்காகக் கரித்தூள், அதாவது ஆக்டிவேட்டட் சார்கோல், சேர்க்காதீர்கள். குழந்தை சாப்பிடும் மருந்தை அது உறிஞ்சிவிடும். கோகோ பொடியே போதும்.

சின்னவளுக்கு இந்தக் குக்கீஸ் வேண்டாம். இரண்டு வயது வரை உணவில் சர்க்கரை சேர்க்கவே தேவையில்லை. குக்கீஸில் ஒட்டும் மிட்டாய்க் கண்ணும் மார்ஷ்மெல்லோவும் அவள் தொண்டையில் சிக்கலாம், கீழே விழுந்ததையும் உடனே பொறுக்கிவிடுங்கள். கனிந்த வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து, கோகோ பொடியைத் தண்ணீரில் குழைத்து இரண்டு கண் வைத்துக் கொடுங்கள். அண்ணன்கள் பக்கத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டால், அந்தப் பேயை அவளே பிசைந்து தின்பாள்.