இயற்பியலில் 15 மதிப்பெண் சரிவு: புள்ளியியலால் எதைச் சொல்ல முடியும்?

கேள்வி: அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் எழுத்துத் தேர்வில் 70-க்கு 61 வாங்கிய என் மகள், பிளஸ் டூ பொதுத்தேர்வில் 46 மட்டுமே பெற்றிருக்கிறாள். திருத்தியதில் தவறு என்று புள்ளியியல் முறையில் நிரூபித்துத் தருவதாக டியூஷன் சென்டரில் சொல்கிறார்கள். நம்பலாமா? (ஒரு தாய், தக்கலை)

பதில்: நம்ப வேண்டாம், அம்மா. ஒரு தனி விடைத்தாள் தவறாகத் திருத்தப்பட்டது என்று எந்தப் புள்ளியியல் முறையாலும் நிரூபிக்க முடியாது. இந்தச் சரிவு வழக்கமானதா, விதிவிலக்கானதா என்பதை மட்டுமே அது சொல்லும். அதற்கும் உங்கள் மகளின் இரண்டு மதிப்பெண்கள் போதா. வகுப்பாசிரியரிடம், பெயர்கள் இல்லாமல், வகுப்பு முழுவதன் இரு மதிப்பெண்களையும் கேட்டுப் பெற்று, ஒவ்வொருவருக்கும் எத்தனை குறைந்தது என்று பாருங்கள். 40 பேர் உள்ள வகுப்பில் சராசரிச் சரிவு 9 என்றும், திட்டவிலக்கம், அதாவது சராசரியைச் சுற்றிய சிதறல், 6 என்றும் வைத்துக்கொண்டால், 15 குறைந்த பிள்ளை ஒரு திட்டவிலக்கமே தள்ளி நிற்கிறாள். அவ்வளவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் அந்த வகுப்பில் ஏறக்குறைய ஆறு பேர் இருப்பார்கள். இரண்டரைத் திட்டவிலக்கத்தைத் தாண்டினால் ஐயப்படலாம்.

ஆனால் கூட்டல் பிழைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இயற்பியல் தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. அவற்றில் இரண்டின் மதிப்பெண் கூட்டலில் விடுபட்டால் பத்து போய்விடும், அப்போதும் மேற்சொன்ன கணக்கு 'வழக்கமான சரிவு' என்றே காட்டக்கூடும். ஆகவே விடைத்தாள் நகல் கிடைத்ததும், முதலில் திருத்தப்படாத பக்கம் உண்டா என்றும், பிறகு வினா வினாவாக இட்ட மதிப்பெண்களின் கூட்டல் சரிதானா என்றும், அதன் பிறகே விடைக்குறிப்போடு ஒப்பிட்டும் பாருங்கள். கூட்டல் பிழைக்கு மறுகூட்டல் போதும். விடையின் மதிப்பீட்டிலேயே ஐயம் என்றால்தான் மறுமதிப்பீடு.

தேர்வு முடிவு வந்த வாரத்தில் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் "சென்னையில் ஆள் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வண்ண வரைபடங்களோடு அவர்கள் நீட்டும் 'அறிக்கை'யை அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஏறெடுத்தும் பார்க்காது. ஒரே தாளை இருவர் திருத்தினால் எத்தனை மதிப்பெண் வேறுபடக்கூடும் என்பதை மதிப்பெண் பட்டியலிலேயே அச்சிட்டிருந்தால் இவர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. அதைச் சொல்லாமல், எழுதியவர் தம் தாளைப் பார்ப்பதற்கே தனி விண்ணப்பமும் கட்டணமும் கேட்கிறது நம் நிர்வாகம்.

நகலுக்கு விண்ணப்பிக்கத் தருவது சில நாள்களே. நகல் பெறாதவர் பின்னர் மறுமதிப்பீடு கேட்க முடியாது என்பதால், வகுப்புக் கணக்கு முடியட்டும் என்று காத்திராமல், பள்ளி வழியாகவோ தேர்வெழுதிய மையம் வழியாகவோ இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.