கடன் வாங்கிய முகங்கள்

அன்புள்ள சார்,

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மக்களைச் சுட்டுக்கொன்ற சம்பவத்தைக் காட்டும் ‘பாஸ்டன் படுகொலை’ப் படம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1770இல் பால் ரிவியர் செதுக்கி விற்ற அந்தப் படத்தை முதலில் வரைந்தவர் ஹென்றி பெல்ஹம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அடுத்தவர் உழைப்பைத் திருடியவரைக் கலைஞர் என்று கொண்டாடலாமா? அந்தக் காலத்தில் எல்லோருமே இப்படித்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டது சரி, அந்த ஒரு வரி போதாது. பெல்ஹமின் படம் விற்பனைக்கு வருமுன்பே ரிவியருடையது கடைக்கு வந்துவிட்டது. வழிப்பறி செய்ததுபோல என்னைக் கொள்ளையடித்துவிட்டீர்கள் என்று பெல்ஹம் 1770 மார்ச் 29இல் ரிவியருக்குக் கடிதமே எழுதினார். இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை.

ஆனால் படத்தைப் பார்த்துப் படம் செய்வது அன்று பட்டறை வழக்கம். ரிவியர் வெள்ளி வேலைக்காரர். கிண்ணத்திலும் கரண்டியிலும் பூவும் பெயரும் செதுக்கிப் பழகிய கை அது. செப்புத் தகட்டில் ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டுமென்றால், லண்டனிலிருந்து கப்பலில் வந்த அச்சுப்படங்களில் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வார்.

சின்னங்களைக் கடன் வாங்குவதில் எனக்குக் குறை தெரியவில்லை. அமெரிக்க ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் 1768இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி வில்லியம் பிட்டுக்கு ரோமானிய உடை போட்டு, கையில் மாக்னா கார்ட்டா என்ற பழைய ஆங்கிலேய உரிமைச் சாசனத்தைக் கொடுத்து நிறுத்தினார். அர்த்தத்தை விளக்கித் தனித்தாளும் அச்சடித்தார். அங்கே ஒளிவுமறைவு ஏதுமில்லை.

முகத்தையே கடன் வாங்கும்போதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்களின் படைத்தலைவர் பெஞ்சமின் சர்ச்சின் போர் நினைவுகள் 1772இல் நியூபோர்ட்டில் மறுபதிப்பாக வந்தன. அதற்கு ரிவியர் செதுக்கிய ‘சர்ச்’ உண்மையில் சார்லஸ் சர்ச்சில் என்ற ஆங்கிலக் கவிஞர்! கவிஞரின் படத்தை எடுத்து, கழுத்தில் ஒரு வெடிமருந்துக் கொம்பை மாட்டிவிட்டார், அவ்வளவுதான். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண் அந்தக் கொம்பை விட்டு நகராது.

அதே நூலில் சர்ச்சின் எதிரியான ‘கிங் பிலிப்’ படமும் இருக்கிறது. அந்தக் குடியேறிகளோடு போரிட்ட வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் இவர், இயற்பெயர் மெட்டகோம். 1676இல் அவரைக் கொன்று, தலையை பிளைமவுத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது அவரைப் பார்த்து வரைந்த படம் எதுவும் நம்மிடம் இல்லை. ரிவியர் என்ன செய்தார் தெரியுமா? 1710இல் ஆன் ராணியைப் பார்க்க லண்டன் போன நான்கு பூர்வகுடித் தலைவர்களின் அச்சுப்படங்களிலிருந்து உருவத்தை எடுத்துக்கொண்டார். அந்த நால்வரில் மூன்று பேர் மோஹாக் என்ற வேறொரு பூர்வகுடி இனத்தவர். அப்புறம் ஒன்று, பிலிப் நடத்திய போரில் அவர் ஆட்களைத் தாக்கி விரட்டியவர்களும் மோஹாக்குகள்தான். எதிரியின் உருவத்துக்குக் கீழே பிலிப்பின் பெயரை எழுதியிருக்கிறார்கள். இன்றும் பிலிப்பின் படம் என்று பலர் எடுத்துப் போடுவது இதைத்தான்.

பெல்ஹமாவது ரிவியருக்குக் கடிதம் எழுத முடிந்தது. மெட்டகோமுக்கு அதுவும் இல்லை. இதை முழுதாக எழுதாமல் விட்டது என் தவறு. கட்டுரையில் படத்துக்குக் கீழே பெல்ஹமின் பெயரை முதலில் போட்டுத் திருத்திவிட்டேன். பிலிப் படத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.