பிரேக் லீவர் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குகிறது: செட்டையே மாற்றணுமா, ஏர் எடுத்தால் போதுமா?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் ஏற்காடு ஏறி இறங்குவேன். மூன்று வருடம் ஆன மவுண்டன் பைக். ஷிமானோ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். ஒரு மாதமாகப் பின் பிரேக் லீவர் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி, ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிடுகிறது. கடையில் "செட்டையே மாத்திடுங்க" என்கிறார்கள். ஏர் எடுக்கும் பிளீடிங் கிட் இணையத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் போகிறது. மோட்டார் பைக்குக்கு வாங்கிய டாட் 4 பிரேக் ஆயில் அரை பாட்டில் வீட்டில் இருக்கிறது. அதை ஊற்றி நானே ஏர் எடுத்துவிடலாமா?

பதில்: ஏர் எடுக்கலாம். அந்த அரை பாட்டிலை மட்டும் தொடாதீர்கள்.

ஷிமானோ பிரேக்கில் இருப்பது மினரல் ஆயில். டாட் 4 வேறு சரக்கு. மினரல் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் சீல்களில் அது பட்டால் சீல் கெட்டுப்போகும். அப்புறம் கடைக்காரர் சொன்னதுபோல நிஜமாகவே செட்டை மாற்ற வேண்டி வரும். மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கும் மினரல்தான். ஸ்ராமில் பெரும்பாலும் டாட் 5.1, ஆனால் அதே ஸ்ராமின் டிபி8, மேவன் மாடல்களுக்கு மினரல். அதனால் கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்யாமல், லீவர் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று: டாட் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த அளவு 155 வரை இறங்கலாம். நாள்பட்டுத் திறந்து கிடந்த பாட்டில் என்றால் உங்கள் மோட்டார் பைக்குக்கும் வேண்டாம்.

காசு செலவழிக்கும் முன் ஐந்து நிமிடம் லீவரோடு உட்காருங்கள். வேகமாக ஏழெட்டு முறை அமுக்கினால் இறுகி வருகிறதா? உள்ளே ஏர் இருக்கிறது. ஏர் எடுத்தால் சரியாகிவிடும். அழுத்திப் பிடித்தபடியே இருக்கும்போது மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போகிறதா? எங்கோ கசிவு, அல்லது லீவருக்குள் சீல் போயிருக்கிறது. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் திரும்ப வரும். அந்த நிலையில் மட்டும்தான் கடைக்காரர் பேச்சு சரி. லீவர் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடைப் பாருங்கள்: தேய்ந்திருக்கும் அல்லது எண்ணெய் பட்டிருக்கும். பேடில் தேயும் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

கிட் முழுசாக வேண்டாம். கட்டாயம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டு: சரியான மினரல் ஆயில், லீவரில் மரை பொருந்தி உட்காரும் புனல். 100 மில்லி ஆயில் இரண்டு பிரேக்குக்கும் தாராளம். சிரிஞ்சு மெடிக்கலில் கிடைக்கும், ஊசி வேண்டாம். மீன் தொட்டிக்கு விற்கும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு அடி. கேலிப்பரில் (சக்கரத்தருகே பேடுகள் உட்காரும் பகுதி) ஆயில் போகும் நிப்பிளில் இறுக்கமாக உட்கார்ந்தால் போதும். வேலை முடிந்ததும் சிரிஞ்சை எறிந்துவிடுங்கள், அதன் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

முதலில் சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். மிகைப்படுத்தவில்லை. ஒருமுறை நான் சோம்பேறித்தனமாகப் பேடைக் கழற்றாமல் செய்தேன், ஒரே சொட்டு விழுந்தது. உப்புத்தாளில் தேய்த்தேன், அடுப்பில் வாட்டினேன். கீச்சென்ற சத்தம் போகவே இல்லை. கடைசியில் புது பேடு வாங்கினேன்.

பேடு இருந்த இடத்தில் பிளீட் பிளாக் எனும் பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்கள். அது இல்லாமல் லீவரை அமுக்கினால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும்; அந்த நிலையில் ஆயிலை நிரப்பி மூடினால், பிறகு புது பேடு போட இடம் இருக்காது.

லீவர் தரைக்கு இணையாக இருக்கும்படி திருப்பி, மேலே உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி, புனலை மாட்டிக் கால்வாசி ஆயில் ஊற்றுங்கள். லீவரை முழுக்க இழுக்காமல் விரல் நுனியால் தட்டித் தட்டி விடுங்கள். கேலிப்பரில் தொடங்கி ஹோஸ் (ஆயில் குழாய்) நெடுக, ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே மேலே வாருங்கள். புனலுக்குள் எள்ளு எள்ளாகக் குமிழி ஏறும். நின்றுவிட்டதே என்று நினைக்கும்போது திடீரென்று ஒரு பெரிய குமிழி வரும், அதற்காகத்தான் காத்திருக்கிறோம். பல சமயம் இதோடு லீவர் இறுகிவிடும்.

இறுகாவிட்டால், அல்லது ஆயில் கறுத்துப் போயிருந்தால், கீழிருந்து மேலே தள்ளுங்கள். சிரிஞ்சில் ஆயில் நிரப்பி, அதில் காற்று இல்லாமல் பார்த்து, கேலிப்பர் நிப்பிளில் டியூபை மாட்டி, நிப்பிளைக் கொஞ்சம் திறந்து மெதுவாகத் தள்ள வேண்டும். பழையது புனலில் ஏறும். காற்று தானாக மேலே போகும் பொருள், அதன் போக்கிலேயே விடுவதுதான் சுலபம். மூன்று வருடம் ஆகிவிட்டது என்பதால் உங்களுக்கு இதையே சொல்வேன். மினரல் ஆயில் தண்ணீரோடு கலக்காது. உள்ளே புகுந்த ஈரம் கேலிப்பரில், அதாவது சூடு ஏறும் இடத்திலேயே, தங்கிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது அந்தத் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் லீவர் சட்டென்று காலியாகிவிடும்.

எல்லாம் மூடியபின் டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, லீவரை முழு பலத்தோடு அழுத்தி நிப்பிளில் கசிவு பாருங்கள். மலைக்குப் போகும் முன் தெருவில் ஒரு சுற்று.

கேள்வி: கடையில் ஏர் எடுக்கக் கொடுத்தேன். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஊற்றிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் லீவர் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்கிறது. "பழைய பிரேக் சார்" என்று கைவிரிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஓட்டாதீர்கள். அதே கடையில் இன்னொரு முறை ஏர் எடுக்கவும் விடாதீர்கள், உள்ளே இருக்கும் ஆயில்தான் உங்கள் சாட்சி. லீவர் மூடியில் உள்ள எழுத்தைப் படம் எடுங்கள், வேறொரு மெக்கானிக்கிடம் ஆயிலைக் காட்டி எழுதி வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். லீவர், கேலிப்பர் மாற்றும் செலவைக் கடையிடம் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பில் இல்லையென்றால் பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு ஆகியவற்றையாவது அழிக்காதீர்கள்.

கேள்வி: காரில் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டுக் கொண்டுபோனேன். இறக்கியதும் பிரேக்கே பிடிக்கவில்லை. வாங்கி நான்கு மாதம்தான்.

பதில்: லீவருக்குள் இருந்த கொஞ்சம் காற்று ஹோஸுக்குள் போயிருக்கும். நேராக நிறுத்தி, இருபது முப்பது முறை அமுக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் லீவரை அமுக்கிய நிலையில் பழைய டியூப் துண்டால் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் இறுகியிருந்தாலும், நான்கு மாத வண்டியில் அவ்வளவு காற்று இருந்தது கம்பெனியில் சரியாக நிரப்பாத வேலை. வாரண்டியில் இலவசமாக ஏர் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.