எட்டுச் சினை மாடுகளிலிருந்து ஒரு மந்தை

கேள்வி: இறைச்சிக்காக மாடு வளர்க்கும் எண்ணத்தில் எட்டுச் சினை மாடுகளை வாங்கியிருக்கிறேன். இரண்டு தலையீற்றுக் கிடேரிகள். மற்றவை இரண்டு மூன்று ஈற்று கண்டவை. எல்லாமே ஐந்து, ஆறு மாதச் சினை என்றார் விற்றவர். இனி வெளியில் வாங்காமல் இவற்றைக் கொண்டே மந்தையைப் பெருக்க முடியுமா? சொந்தமாகப் பொலிகாளை வேண்டுமா?

பதில்: சினை மாட்டை வாங்குகிறவர், எந்தக் காளையோடு சேர்ப்பது, என்ன தடுப்பூசி போடுவது என்று விற்றவர் எடுத்த முடிவுகளையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகவே இப்போது வயிற்றில் இருக்கும் கன்றுகளை உங்கள் மந்தையின் தொடக்கமாக நான் எண்ணமாட்டேன். ஈன்ற மாடு உங்கள் தீவனத்தில், உரிய காலத்தில், மறுபடி சினை பிடிக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் கால்நடை மருத்துவரைக் கொண்டு எட்டையும் சினைப் பரிசோதனை செய்யுங்கள். ஐந்து, ஆறு மாதத்தில் கருப்பை வயிற்றுக்குள் இறங்கிவிடுவதால் கன்று பெரும்பாலும் கைக்கு எட்டாது. கருப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் அதிர்வை வைத்தே மருத்துவர் மாதத்தைக் கணிப்பார், அது ஏறத்தாழக் கணிப்புதான். எனவே காளையை விட்ட நாளையும் பிரித்த நாளையும் விற்றவரிடம் கேட்டு, சுமார் 283 நாள் கூட்டி ஈனும் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காளையின் இனத்தையும் கேளுங்கள். பெரிய கன்று தரும் காளையோடு சேர்ந்த கிடேரிகள் இரண்டையும் ஈனும் காலத்தில் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே மாடுகள் இருந்தால் புதியவற்றை 30 நாள் தனித்து வைத்து, கருச்சிதைவு நோய்க்கும் காசநோய்க்கும் பரிசோதியுங்கள். வைரஸ் கழிச்சல் நோயில் ஒரு சூட்சுமம் உண்டு: தாய்க்குப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தாலும், வயிற்றுக் கன்று அந்த வைரஸை வாழ்நாள் முழுதும் சுமப்பதாகப் பிறக்கலாம். பிறந்த ஒவ்வொரு கன்றின் காது நுனியிலும் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பதே அதற்கு வழி. முன்பு என்ன ஊசி போடப்பட்டது என்று தெரியாத சினை மாட்டுக்கு, உயிருள்ள கிருமியைக் கொண்ட சில தடுப்பூசிகள் கருச்சிதைவை உண்டாக்கும் என்பதால், மருத்துவரைக் கேளாமல் எதையும் போடாதீர்கள்.

மற்றெல்லாவற்றையும்விடத் தீவனத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கன்றின் பிறப்பெடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில் சேர்கிறது. கன்று சிறுத்தால் எளிதாக ஈனும் என்று அப்போது தீவனத்தைக் குறைக்கிறவர்கள் உண்டு. மெலிவது பெரும்பாலும் தாய்தான், முக்கும் வலுவும் சீம்பாலும் அதற்குக் குறைந்துபோகும். மாட்டின் விலா மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: கண்ணுக்கு எலும்பு தெரியக்கூடாது, லேசாக அழுத்தினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் இது ஏறத்தாழ 5. கிடேரிகளுக்கு 6 நல்லது. ஈன்றபின் தின்பதெல்லாம் பாலுக்குப் போய்விடும், அப்போது உடம்பைத் தேற்றுவது கடினம். பெரிய மாடுகள் முட்டித் தள்ளும் என்பதால் கிடேரிகளுக்குத் தனியிடத்தில் தீவனம் வையுங்கள்.

பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரை அழையுங்கள். கன்று முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும்.

அதன்பின் வருவது ஓர் எளிய கழித்தல். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், 365 நாளில் 283 போக எஞ்சும் 82 நாளுக்குள் மாடு மறுபடி சினை பிடிக்க வேண்டும். பல ஈற்று கண்ட மாடு 50, 60 நாளில் பருவத்துக்கு வந்துவிடும். தலையீற்று மாட்டுக்கு 80 முதல் 100 நாள்கூட ஆகும். ஆகவே அடுத்த ஆண்டு ஏமாற்றம் வருமானால் அந்த இரண்டிலிருந்துதான் வரும்.

வளர்ந்த ஒரு காளை 20, 25 மாடுகளுக்குப் போதும். எட்டு மாடுகளுக்காக ஆண்டு முழுதும் ஒன்றைக் கட்டித் தீனி போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கறவை மாட்டைப் போல இவற்றைத் தினம் இருவேளை தொட்டுப் பார்ப்பதில்லையாதலால், காளைக்குப் பதில் சினை ஊசியை (செயற்கைக் கருவூட்டலை) நம்பினால் பருவத்தைத் தவறவிடுவது எளிது. காலையும் மாலையும் அரை மணி நேரம் நின்று கவனிக்க முடியாதவர்கள், இனப்பெருக்க உறுப்பு நோய்கள் இல்லை என்று சோதித்த காளையை 63 நாளுக்கு, அதாவது மூன்று பருவச் சுழற்சிக்கு, வாடகைக்கு எடுப்பதே மேல்.

எட்டில் ஏறக்குறைய நான்கு கிடேரிக் கன்றுகள் பிறக்கலாம். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பெரும்பாலும் மலடு. அதைக் கழித்துவிட்டு, முன்னதாக ஈன்று உரிய காலத்தில் சினை பிடித்த தாய்களின் கிடேரிக் கன்றுகளை மந்தைக்கென வைத்துக்கொள்ளுங்கள். அவை வளர்ந்த மாட்டின் எடையில் 60 முதல் 65 விழுக்காட்டை 14, 15 மாதத்தில் எட்டினால், இரண்டு வயதில் ஈனும். காளையைப் பிரித்து 45 நாள் கழித்து மறுபடி சினைப் பரிசோதனை செய்து, காலியாக நிற்கும் மாட்டை, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும், கன்று பால் மறந்ததும் விற்றுவிடுங்கள்.